மூக்குக்கு விரதம் கிடையாது

படத்தையா பாக்கீங்க? நல்லாப் பாருங்க அண்ணாச்சி. இந்தாங்க, போனையே கையில வாங்கிப் பாருங்க, எட்டி எட்டிப் பாத்தா கழுத்து சுளுக்கிக்கிடும். தென்காசிப் பக்கம் மாதிரி இருக்கா? நானும் மொதல்ல அப்படித்தான் நெனச்சேன். மேடும் பள்ளமுமா பச்சையாக் கெடக்கு, பின்னால மலை. ஆனா இது இத்தாலி. இத்தாலியில மார்க்கேன்னு ஒரு மாகாணம். இந்தக் கொடியெல்லாம் திராட்சை. நடுவுல தொப்பி வச்சிக்கிட்டு, முப்பத்திரண்டு பல்லையும் காட்டிக்கிட்டு ஒருத்தன் நிக்கானே, அவன் பேரு அமலன் மச்சாது. மணப்பாட்டுக்காரன். அவன் நிக்கிற எடத்துல நான் நிக்கணும் அண்ணாச்சி. நிக்க வேண்டியவன் மச்சினன் வீட்டுப் பால்காய்ப்புக்கு வந்துட்டு, இந்தா உங்க பக்கத்துல மதுரை பஸ்ஸுல உக்காந்திருக்கேன்.

மதுரைக்கு இன்னும் ரெண்டு மணி நேரம் கெடக்கு. சொல்லுதேன், கேளுங்க. கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, தப்பு எம்மேலயா அவம்மேலயான்னு. பொதுவான ஆளு ஒருத்தரு சொன்னா எனக்கும் மனசு ஆறும்.

எம்பேரு உலகநாதன். கல்லிடைக்குறிச்சி. சென்னையில ஒரு பெரிய நட்சத்திர ஓட்டல்ல ஒயின் கேப்டன். ஓட்டல் பேரு வேண்டாம், விடுங்க. ஒயின் கேப்டன்னா என்னன்னு எங்க மாமனாருக்கே இன்னைக்கு வரைக்கும் தெரியாது. கடையில ஊத்திக் குடுக்கறவன்னு நெனச்சிராதீங்க. பாட்டிலத் தொறக்கணும், மோந்து பாக்கணும். கார்க்கு கெட்டுப்போயி சரக்கு ஊசியிருந்தா மூக்கு சொல்லிரும், நனஞ்ச சாக்கு நாத்தம் அடிக்கும். அதத் திருப்பி அனுப்பணும். நல்லதா இருந்தா, இது எந்த ஊரு, என்ன மண்ணு, எந்தக் கறிக்கு எது சேரும்னு மேசையில இருக்கவன்ட்ட அழகாப் பேசணும். பதினாலு வருசம் பேசியிருக்கேன். வந்தவன் ஒரு கிளாஸ் கேட்டா ஒரு பாட்டில் வாங்கிட்டுத்தான் எந்திப்பான்.

அதுலயும் இந்த மார்க்கே இருக்கே, அது எனக்கு மனப்பாடம். கோல்ஃபெராத்தின்னு ஒரு தோட்டம் அங்க இருக்கு, அவங்க ஒயின் எங்க ஓட்டலுக்கு வரும். கெழக்க கடல், மேக்க மலை. நடுவுல குன்று குன்றா திராட்சை. வெள்ளை ஒயினுக்குப் பேரு வெர்தீக்கியோ. லேசாப் பச்சை ஓடும், குடிச்சு முடிச்சப்புறம் நாக்குல பாதாம் கசப்பு ஒண்ணு மிஞ்சும். மீனுக்கு அத அடிச்சிக்கிட ஆளே கெடையாது. அவங்க ஊர் மீன் கொழம்புக்குப் புளி கெடையாது, காடிதான் ஊத்துவான். பதிமூணு வக மீனப் போடுவான். ஏன் பதிமூணுன்னு கேக்காதீங்க, அவன்ட்டயே பதில் இல்ல. அப்புறம் லாக்ரிமான்னு ஒரு செவப்பு. பன்னீர் ரோசாப்பூ மணக்கும். கல்யாண வீட்டு வாசல்ல பன்னீர் தெளிப்பாங்கள்ல, அந்த மணம். கோனெரோன்னு கடலோரம் ஒரு மலை, அந்த மலைச் சரிவுல ஒரு முரட்டுச் செவப்பு. கடைசியா, புளிப்புச் செர்ரிப் பழத்தப் போட்டு ஊற வச்ச ஒரு இனிப்பு. இதெல்லாம் நான் பேசக் கேட்டவன் அடுத்த மாசமே டிக்கெட் போட்டு அங்க போயிருக்கான். நானா? அந்தப் பக்கம் தல வச்சுப் படுத்தது கெடையாது. பாஸ்போட்டே இல்ல.

சரி, இப்ப விசயத்துக்கு வாரேன். உங்கள மறுபடி பாக்கப் போறதில்ல, அதனால சொல்லுதேன். கொரோனா ரெண்டாவது வாட்டி வந்துச்சுல்ல, அப்ப எனக்கு வந்துட்டு. உசுரு பொழச்சுட்டேன். மூக்கு போயிட்டு. எல்லாருக்கும் போச்சு, பத்து நாள்ல திரும்பிட்டு. எனக்குப் போனது போனதுதான். நாலு வருசம். மல்லியப்பூவும் சரி, சாக்கடையும் சரி, எனக்கு ஒண்ணுதான்.

ஒயின் கேப்டனுக்கு மூக்கு இல்லேன்னா என்ன அண்ணாச்சி அர்த்தம்? சீட்டக் கிழிச்சிருவான். அதனால ஒரு ஆளுக்கும் சொல்லல. எப்பிடி சமாளிச்சேன்னு கேளுங்க, அங்கதான் நம்ம மூள. இந்த அமலன் என் கீழ வேல பாத்தான். முப்பத்தஞ்சு வயசு, ரெண்டு பிள்ளைக்குத் தகப்பன், வாயத் தொறந்து நாலு வார்த்த பேச வராது. மேசைக்கு முன்னால போனா நாக்கு ஒட்டிக்கிடும். ஆனா மூக்கு இருக்கு பாருங்க, நாய் தோத்துப் போகும். மணப்பாட்டுல பொறந்து மீன் வாசத்துலயே வளந்தவன்லா. நான் பாட்டிலத் தொறந்து அவன்ட்ட நீட்டுவேன். "ஏல, நீ பழகிக்கிடணும், மோந்து சொல்லு"ம்பேன். அவன் மோந்துட்டு, "அண்ணே, நல்லாயிருக்குண்ணே, கொஞ்சம் எலுமிச்சந்தோல் தெரியுது"ம்பான். அந்த எலுமிச்சந்தோல வச்சு நான் மேசையில கால் மணி நேரம் பேசுவேன். மூணரை வருசம் இப்படியே ஓட்டுனேன். அவனுக்கு ஒரு சந்தேகமும் வரல. அவ்வளவு வெள்ளந்தி. சில நாளு நான் நீட்டுறதுக்கு முன்னாலயே வந்து மோந்துட்டுப் போயிருவான், தொழில் மேல அம்புட்டு ஆர்வம்.

வீட்டுலயும் சொல்லல. எம் பொண்டாட்டி கோமு, முன்னால எல்லாம் சோத்துல கைய வைக்கும் முன்னாலயே, "கொழம்பு எப்பிடி இருக்கு?"ன்னு கேப்பா. இப்ப கேக்குறதே இல்ல. நாலு வருசமாச்சு அவ அத கேட்டு. கலியாணம் ஆகி இத்தன வருசத்துல எம்மேல பிரியம் கொறஞ்சுட்டு போலன்னு விட்டுட்டேன். பொம்பளைங்க மனச யாரு கண்டா?

டாக்டர்ட்ட போகலியான்னு கேப்பீங்க. போனேன். தாம்பரம் தாண்டி, தெரிஞ்சவன் எவனும் வராத எடமாப் பாத்து, வேற பேரு குடுத்துப் போனேன். அவரு என்ன சொன்னாரு தெரியுமா? கிராம்பு, எலுமிச்சம்பழம், ரோசாப்பூ, யூக்கலிப்டஸ் தைலம், இந்த நாலையும் தெனம் ரெண்டு வேள மோக்கணுமாம். மோந்துக்கிட்டே அதோட பழைய வாசனய மனசுல கொண்டாரணுமாம். மாசக்கணக்கா செய்யணுமாம், மூக்கு பழையபடி படிச்சிக்கிடுமாம். இதுக்கு ஐந்நூறு ரூவா. தெனம் காலைல எலுமிச்சம்பழத்த வச்சு மோந்துக்கிட்டு உக்காந்திருக்க எனக்கென்ன கோட்டியா பிடிச்சிருக்கு? ஒரு வாரம் செஞ்சேன். அப்புறம் போடா சவமேன்னு விட்டுட்டேன். அவரு எழுதிக் குடுத்த சீட்டு ஓட்டல் லாக்கர்ல கெடந்துச்சு, அதுவும் எங்கயோ காணாமப் போயிட்டு.

அப்ப வருது கடுதாசி. போன ஐப்பசி. அந்த கோல்ஃபெராத்தி தோட்டத்து மொதலாளியம்மா, ஒர்னெல்லான்னு பேரு, அறுவது வயசு, நேர்ல வாரா. எங்க ஓட்டல்ல ஒரு மத்தியான விருந்து. நாலு ஒயின், அதுக்கு நம்ம சாப்பாடு. ஒயின் கேப்டன் ஒவ்வொண்ணையும் ருசி பாத்து எல்லாருக்கும் முன்னால பேசணும். பிடிச்சுப் போச்சுன்னா ஒரு வருசம் அவங்க தோட்டத்துல வேல, தங்க எடம், அப்புறம் தென்னிந்தியாவுக்கே அவங்க ஆளு. பதினாலு வருசமா நான் வாயால பாத்த ஊரு அண்ணாச்சி. ராத்திரியும் பகலும் தூக்கமில்ல. போகணும். ஆனா ருசி பாக்கச் சொன்னா மாட்டிக்கிடுவேன். ருசி எங்க இருக்கு, முக்காவாசி மூக்குலதான இருக்கு.

யோசிச்சேன். கார்த்திகை ஒண்ணாந்தேதி மாலையப் போட்டுட்டேன்.

சிரிக்காதீங்க. சபரிமலைக்கு மாலை. நாப்பத்தோரு நாளு கள்ளு சாராயம் தொடக் கூடாது, கறி மீன் கூடாது. எவன் கேப்பான்? எவனாவது "நீ ஏன் குடிச்சுப் பாக்கல"ன்னு ஐயப்பசாமி கிட்ட போய் வாதாடுவானா? பேசுறது மட்டும் நான் பேசிருவேன். நம்ம வாய்க்கு விரதம் இல்லேல்லா. எனக்கே எம்மேல ஒரு மரியாத வந்துட்டு, இப்படி ஒரு மூளையான்னு.

மாலை போட்டுவிட்டது யாரு? எங்க ஓட்டல் கேக்கு, பிஸ்கட்டு பகுதிக்கு மாஸ்டர் ஒருத்தரு, பதினெட்டு வருசம் மலைக்குப் போயி தென்னங்கன்னு வச்சவரு, எல்லாரும் குருசாமின்னுதான் கூப்பிடுவாங்க. "கன்னிச்சாமி, ஒயின் பாட்டிலத் தொடுற தொழிலாச்சே சாமி?"ன்னு யோசிச்சாரு. "தொழில்தான சாமி, வாயில படாது"ன்னேன். "சரி சாமி, தொழில் தொழில், வாயில படாம இருந்தாச் சரி"ன்னுட்டாரு. அதுக்கப்புறம் என் பொழப்பப் பாக்கணுமே. மாலை போட்டவன எல்லாரும் சாமின்னு கூப்பிடணும்லா. "சாமி, ஏழாம் நம்பர் மேசைக்கு ரெண்டு விஸ்கி சாமி." "சாமி, அந்த ரம்ம இப்படித் தள்ளுங்க சாமி." சட்டைக்குள்ள துளசி மாலை, கையில சாராயம். காலைல நாலு மணிக்குப் பச்சத் தண்ணியில குளிச்சு குளிச்சு எனக்கு நெஞ்செல்லாம் சளி.

விருந்துக்குச் சாப்பாட்ட நாந்தான் முடிவு பண்ணேன். வெர்தீக்கியோவுக்கு நம்ம திருநவேலி சொதி. தேங்காப்பாலு, இஞ்சிச்சாறு, கொஞ்சம் எலுமிச்ச. "அண்ணே, இந்த ஒயின் கடைசியில கசக்கும், இஞ்சியக் கொஞ்சம் தூக்கலா விட்டா ரெண்டும் கை கோத்துக்கிடும்"னு அமலன் ஒரு வார்த்த சொன்னான், மத்தபடி எல்லாம் என் யோசனதான். ரோசா மணக்குற லாக்ரிமாவுக்கு உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் ஆட்டுக்கறியும். ஏன் அது? ரோசாவும் எள்ளும் சேரும்னு அமலன் சொன்னான், சரின்னுட்டேன். கோனெரோவுக்கு நாட்டுக்கோழி வறுவல், நல்லமொளகு போட்டு. அந்தச் செர்ரி இனிப்புக்குத் தூத்துக்குடி மக்ரூன், குருசாமி கையால, முட்ட வெள்ளக்கருவும் முந்திரியும் அடிச்சு. மக்ரூன் யோசன யாரோடதுன்னு ஞாபகமில்ல. அவன் ஊருப் பக்கம்தான.

விருந்தன்னைக்கு மத்தியானம். நாப்பது பேரு. அந்த ஒர்னெல்லா அம்மா சொதிய ஒரு கரண்டி வாயில வச்சுது, அப்புறம் வெர்தீக்கியோவ ஒரு வாய். கரண்டியக் கீழ வைக்கல. மூணு வாட்டி சொதி வாங்கிச்சு. நான் பேசுனேன். அவங்க ஊரு வரலாறே பேசுனேன். அந்தக் காலத்துல அங்க நெலம் மொதலாளிக்கு, உழைப்பு குடியானவனுக்கு, வெளைச்சல் பாதிக்குப் பாதி. நம்ம ஊரு வாரக் குத்தகையேதான். குன்றுக்கு மேல குடியானவன் வீடு, சுத்தி கொஞ்சம் திராட்ச, கொஞ்சம் கோதும, ஒரு பன்னி. எல்லாத்தையும் பாதியாப் பிரிப்பானாம், பன்னியையும். நாப்பது பேரும் சிரிச்சான். அந்தம்மா கண்ணெடுக்காம என்னையே பாத்துது. எனக்கு அப்பவே இத்தாலி போற பிளேனுல பெல்ட்டு மாட்டியாச்சு.

அப்ப அந்தம்மா எந்திச்சு மூணு கிளாஸ முன்னால வைக்கச் சொல்லுது. மூணும் வெர்தீக்கியோ. "காலைல பாட்டில் தொறக்கும்போது ஒண்ணு கார்க்கு கெட்டுப் போயிருந்துச்சு, தனியா எடுத்து வச்சேன். இந்த மூணுல ஒண்ணு அது. எங்க தோட்டத்துக்கு வாரவன் அதக் கண்டுபிடிச்சாகணும், இது எங்க அப்பா காலத்துப் பழக்கம்"ங்குது.

நான் சட்டைக்குள்ள இருந்து மாலைய வெளிய எடுத்துக் காட்டி, விரதம்மா, வாயில படக் கூடாதுன்னேன். ரொம்ப பவ்யமா. அந்தம்மா அதுக்கு மேல பவ்யம். நெஞ்சுல கைய வச்சு, "குடிக்கவே வேண்டாம், மோந்து பாருங்க, போதும்"ங்குது.

மோக்கவும் கூடாதும்மா, எங்க சாஸ்திரத்துல இருக்குன்னேன். எந்தச் சாஸ்திரம்? வாய்க்கு வந்தது. அந்தம்மா மேனேஜரப் பாக்கு. மேனேஜரு குருசாமியப் பாக்காரு. குருசாமி மக்ரூன் தட்டோட நிக்காரு. கண்ண மூடி யோசிச்சாரு அண்ணாச்சி. நான் அவரையே பாக்கேன், கும்பிடாத குறை. கண்ணத் தொறந்து, "மூக்குக்கு விரதம் கிடையாது சாமி. மோக்குறதுல தோஷமே இல்ல. தாராளமா மோங்க. சாமியே சரணம்"னுட்டாரு. பதினெட்டு வருசம் மலை ஏறுன மனுசன், ஒரு பொய் சொன்னா என்ன கொறஞ்சா போயிருவாரு?

மொத கிளாஸ எடுத்தேன். மோந்தேன். ஒண்ணுமில்ல. ரெண்டாவது. ஒண்ணுமில்ல. மூணாவதும் அதேதான். பச்சத் தண்ணிய மோந்தாக்கூட மண்பானை வாசமாவது வரும். நாப்பது பேரு முன்னால மூக்க கிளாசுக்குள்ள விட்டுக்கிட்டு நிக்கேன், உள்ள ஒண்ணுமே இல்ல. நெசமாச் சொல்லுதேன், அந்த நிமிசம் எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துட்டு. பதினாலு வருசம் எனக்குச் சோறு போட்ட மூக்கு அண்ணாச்சி.

அப்பத்தான் அந்தப் பய வேலையக் காட்டுனான். அமலன் அந்தம்மாவுக்குப் பின்னால நிக்கான். மொத கிளாஸ மறுபடி எடுக்கேன், சும்மா நிக்கான். ரெண்டாவது எடுக்கேன், லொக்கு லொக்குன்னு இருமுதான். கீழ வச்சேன், இருமல் நின்னுட்டு. மூணாவது எடுக்கேன், சும்மா நிக்கான். திரும்ப ரெண்டாவது. மறுபடி லொக்கு லொக்கு. கண்ணக் கண்ண வேற உருட்டுதான்.

எனக்குப் புரிஞ்சு போச்சு. நான் அந்த ரெண்டாவது கிளாஸத் தள்ளணும்னு நெனைக்கான். ஏன்? அதுதான் நல்ல சரக்கு! நல்லத நான் கெட்டதுன்னு சொல்லணும், நான் கவுந்தா இவன் இத்தாலி போகணும். எனக்கே குழி பறிக்கியாடா மூதின்னு உள்ளுக்குள்ள கொதிச்சுட்டு. மூணாவது கிளாஸ எடுத்துத் தள்ளி வச்சேன். "இது கெட்டது"ன்னேன். ரெண்டாவத கையில தூக்கிக்கிட்டு ஆரம்பிச்சேன் பாருங்க. அந்தக் கடல்காத்து இதுல இருக்கு, மழைக்கு அப்புறம் அந்தக் குன்று மண்ணு இதுல இருக்கு, பச்சப் பாதாம் இருக்குன்னு அஞ்சு நிமிசம். என் வாழ்க்கையில அப்படி நான் பேசுனதில்ல. நாப்பது பேரும் கைதட்டுனான்.

அந்தம்மா கடைசி வரைக்கும் சிரிச்ச மொகமாக் கேட்டுது. கேட்டுட்டு, என் கையில இருந்த கிளாஸ மெதுவா வாங்கி, பக்கத்துல இருந்த வாளியில கொட்டிட்டு.

அவ்வளவுதான். கைதட்டு அப்படியே செத்துப் போச்சு.

அப்புறம் அமலன ஓரமாக் கூப்பிட்டு, எதுக்கு இருமுனன்னு கேட்டுது. எட்ட நிக்கும்போதே ரெண்டாவதோட நாத்தம் தெரிஞ்சுதுன்னுட்டான். அதோட விட்டானா? "மேடம், அண்ணனுக்கு சளி. தெனம் காலைல பச்சத் தண்ணியில குளிக்காங்க, மூக்கு அடச்சிருக்கு, இல்லேன்னா எனக்கு முந்தி சொல்லியிருப்பாங்க"ன்னு அவனுக்குத் தெரிஞ்ச ஓட்ட இங்கிலீஷ்ல சொல்லுதான். வாயத் தொறக்காத பய, அன்னைக்குப் பாத்துத் தொறந்து என்னைய சீக்காளி ஆக்கிட்டான் பாத்தீங்களா?

அந்தம்மா ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்துது. அப்புறம் சொல்லுச்சு, "எங்க ஊருல பொறந்தவன்கூட எங்க ஊர இப்படிப் பேசிக் கேட்டதில்ல. ரெண்டு பேருமே வாங்க. இவரு மோக்கட்டும், நீங்க பேசுங்க." நீங்க ஒத்துக்கிடுவீங்களா அண்ணாச்சி? பாதி வாரத்துக்கு நெலத்த விட்டவங்க பரம்பரைல்லா, ஆளையும் பாதி பாதியா எடுக்கப் பாக்கா. நான் என்ன அர ஆளா? எனக்கு எவன் தயவும் வேண்டாம்னு சொல்லிட்டேன். அமலனும், அண்ணன் வரலேன்னா நானும் போகலன்னு நாடகம் போட்டான். "போய்த் தொலைல, போயி பிள்ளைகளப் படிக்க வை"ன்னு நாந்தான் ஏசி அனுப்புனேன். நான் ஏசலேன்னா அவன் போயிருக்கவே மாட்டான், அத நெனச்சா இன்னும் எரியுது.

மேனேஜரு என்னைய ஒயின்ல இருந்து எடுத்துட்டு கல்யாண மண்டபத்துல போட்டுட்டாரு. இப்ப நான் வரவேற்புல ஆப்பிள் ஜூஸ் தட்டு எண்ணிக்கிட்டு இருக்கேன். மாலையக் கழட்டலாம்னு பாத்தா குருசாமி விடல. மலைக்குப் போயே ஆகணும்னுட்டாரு. போனேன். கல்லும் முள்ளும் ஏறிப் போனேன். அங்க நெய்யபிஷேகம் நடக்கு, சுத்தி கற்பூரம், லட்சம் பேரு கண்ண மூடி மூச்ச இழுத்து இழுத்து விடுதான். எல்லாருக்கும் அந்த மணம் கெடைக்கு. எனக்கு மட்டும் வெறுங்காத்து. நான் உன்ன வச்சுப் பொய் சொன்னேன்ல, அதுக்குத்தானய்யான்னு அங்கனயே நின்னு அழுதேன். தள்ளு தள்ளுன்னு போலீசுக்காரன் தள்ளி விட்டுட்டான்.

அமலன் பங்குனியில போனான். போனவன் போயிட்டான்னா நிம்மதி. தெனம் போன் அண்ணாச்சி! காலைல ஒண்ணு, சாயந்தரம் ஒண்ணு. "அண்ணே, இங்க வெள்ளைக்காரங்க வந்து கேக்காங்க, எனக்குப் பேச வரல, நீங்க சொல்லித் தாங்க. இந்த ஒயின்ல கிராம்பு வாசம் வருது. ஒரு கிராம்பக் கையில எடுத்து மோந்து பாருங்க, அது எப்பிடி இருக்கும்னு நல்லா நெனச்சுச் சொல்லுங்க"ம்பான். எனக்கு எங்க மோக்க? இருந்தாலும் தெரியாதுன்னு சொல்ல முடியுமா? கிராம்ப மூக்குல வச்சிக்கிட்டு, சின்னப் பிள்ளையில பல்லு வலிக்கு எங்க அம்மை கிராம்பு வச்சு அழுத்துனத எல்லாம் நெனச்சுச் சொல்லுவேன். அவன் அத அங்க போயி அப்படியே ஒப்பிச்சுப் பேரு வாங்குதான். அடுத்து ரோசாம்பான். அடுத்து எலுமிச்ச. அடுத்து தைலம். ஆறு மாசமா இந்த நாலேதான், மாத்தி மாத்தி. ஒயின்ல வேற வாசனையே கெடையாதா? சரக்கில்லாத பய. கத்துக்கிடுதான், ஓசியில கத்துக்கிடுதான்.

இதுல கோமு வேற. அவன் போன் வரும் முன்னாலயே நாலையும் தட்டுல எடுத்து எம்முன்னால வச்சிருதா. இவளுக்கு எப்பிடித் தெரியும்? அவன் இவளயும் கைக்குள்ள போட்டுக்கிட்டான், "அண்ணன் மறக்காமச் செய்யணும், பாத்துக்கிடுங்க மதினி"ன்னு ஒரு நாள் போன்ல சொல்லிக்கிட்டு இருந்தத நானே கேட்டேன். என் தொழில் ரகசியத்தக் கறக்க எம் பொண்டாட்டியையே ஏவி விடுதான். சொல்லுங்க அண்ணாச்சி, இது நியாயமா? தப்பு யாரு மேல?

ஏன் அப்படிப் பாக்கீங்க?

இருங்க. இருங்க ஒரு நிமிசம். பேசாதீங்க.

என்னது இது? ஏசியில இருந்தா வருது? இல்ல. கீழருந்து வருது. அண்ணாச்சி, உங்க காலுக்கடியில அந்தச் சாக்குப் பையில என்ன இருக்கு? சொல்லாதீங்க! சொல்லாதீங்க, நான் சொல்லுதேன். கருவாடு. கருவாடுதான? ஏ யப்பா! என்னா நாத்தம்! ஏசி பஸ்ஸுல கருவாடு கொண்டாரீங்களே, மனச்சாட்சி இருக்கா உங்களுக்கு? அதான் முன் சீட்டு அம்மா கயத்தாறுல இருந்து மூக்கப் பொத்திக்கிட்டு திரும்பித் திரும்பிப் பாக்காளா? நான் என் கதையக் கேக்கத்தான் திரும்புதான்னுல்ல நெனச்சேன்.

வேண்டாம், உள்ள தள்ளாதீங்க. கட்ட அவுங்க. அவுத்து இங்கன நீட்டுங்க. எவன் ஏசுனாலும் நான் பாத்துக்கிடுதேன்.

நெத்திலி இல்ல. நெத்திலி இவ்வளவு எண்ணெய் நெடி அடிக்காது. சாளை. சாளைக் கருவாடு. சரியா? சரிதான? உப்பு தூக்கலாப் போட்டிருக்கு. முழுசாக் காயல, நடு முள்ளுக்கிட்ட ஈரம் நிக்கி, மேகமூட்டத்துல காயப் போட்டிருக்கான். உங்கள ஏமாத்தி வித்திருக்கான் அண்ணாச்சி. எவன்ட்ட வாங்குனீங்க?

அழல. யாரு அழுதா? இந்த நெடிக்குக் கண்ணு எரியாதா?

நில்லுங்க, அந்தப் போனக் குடுங்க. அந்த இத்தாலிக்காரனுக்கு ஒண்ணு போடுதேன். ஒனக்கு மட்டும்தான் மூக்குன்னு நெனச்சியால, இப்ப கேளுல.

ஏல அமலா. நாந்தான். நீ ஒண்ணும் கேக்காத. கிராம்பும் வேண்டாம், ஒரு எழவும் வேண்டாம். வாய மூடிக்கிட்டு நான் சொல்லுதத மட்டும் கேளு. பஸ்ஸுல ஒருத்தரு சாளைக் கருவாடு வச்சிருக்காரு. அரைகுறையாக் காஞ்சது. நாறுதுல. குடலப் பிடுங்குது. ஆமா, எனக்குத்தான். எனக்குத்தான்ல நாறுது. ஏல? ஏல அமலா? லைன்ல இருக்கியா?

பாருங்க அண்ணாச்சி, நீங்களே காதுல வச்சுக் கேளுங்க. கருவாடு நாறுதுன்னுதான சொன்னேன். இதுக்குப் போயி இந்தப் பய ஏன் இப்படி அழுவுதான்?